பித்தளைப் பதக்கத்தில் ஒரு பாரசீகர்



கத்தோலிக்க சமயத்தார் கழுத்துச் சங்கிலியிலும் ஜெபமாலையின் நுனியிலும் கோத்து அணியும் சிறு பதக்கங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுரூபம் என்று அவர்கள் அதை வழங்குவதுண்டு. காசளவே உள்ள பொருள். வெள்ளியில் இருக்கும், பித்தளையில் இருக்கும், இப்போது அலுமினியத்திலும் வருகிறது. பெரும்பாலானவற்றில் தேவமாதாவோ, கையில் குழந்தையேந்திய அந்தோனியாரோ, சவேரியாரோ இருப்பர். பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடும். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, ரோமாபுரிக்கு யாத்திரை சென்றவர்கள் ஊர் திரும்பும்போது வாங்கிச் செல்வதற்கென்றே அந்நகரப் பட்டறைகளில் முட்டை வடிவப் பதக்கங்கள் கணக்கின்றி அடிக்கப்பட்டன. அவற்றில் உள்ள முகங்கள் பலவற்றை இன்று அந்நாட்டாருக்கே அடையாளம் தெரிவதில்லை. அவ்வாறு மறக்கப்பட்ட முகம் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் இருக்கிறார். மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். அயல்நாட்டுத் துறைமுகத்தில் நோய் கண்டு இறந்தான். அவனுடைய உடைமைகளோடு, அவன் கழுத்தில் அணிந்திருந்த பித்தளைப் பதக்கம் ஒன்றும் வீடு வந்து சேர்ந்தது. இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் பழம்பொருட்கடையில் வாங்கியதாக அவன் முன்பு சொல்லியிருந்தானாம். அந்த அம்மையார் அதைத் தம் ஜெபமாலையில் கோத்துக்கொள்ள நினைத்தார். உறவினர் தடுத்தனர். ஏனென்றால் அதில் இருந்தது கழுத்தோடு துண்டிக்கப்பட்ட ஒரு மனிதத் தலை. உடலில்லை, கையில்லை, சிலுவையில்லை. போதாக்குறைக்கு, படித்த இளைஞர் ஒருவர் பின்புறத்து எழுத்துக்களை உற்றுப் பார்த்து, ‘தேமோன்’ என்னும் சொல் அதில் இருப்பதாகக் கண்டு சொன்னார். தேமோன் என்றால் பேய். அவ்வளவுதான். இது பில்லி சூனியத் தகடு, இதனால்தான் பிள்ளை போனான், கடலில் எறிந்துவிடு என்று ஊர் முழுதும் ஒரே பேச்சு.

அம்மையார் ஒரு சிறு துணி முடிச்சில் அதைக் கொண்டுவந்து என்முன் வைத்து, “ஐயா, எறிஞ்சிரவா, வச்சுக்கிரவா? அத மட்டும் சொல்லுங்க” என்றார். மகனின் மார்பில் கிடந்த பொருளை எறியவும் அவருக்கு மனமில்லை; அணியவும் துணிவில்லை. நான் சமய நூல் வல்லவன் அல்லேன். முப்பது ஆண்டுக்கு மேல் சரித்திரப் பாடம் நடத்தியவன். எழுத்து இருக்கிறதென்றால் படித்துப் பார்ப்போம், சில நாள் என்னிடம் இருக்கட்டும் அம்மா என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

படிப்பது எளிதாக இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே அதைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருக்கிறார்கள். குத்துவிளக்குக்கு ஏற்ற அந்தச் சிகிச்சை, முந்நூறு ஆண்டுப் பழமையான எழுத்துக்கு ஏற்றதன்று. நேரே வெளிச்சத்தில் பிடித்தால் பளபளப்புத்தான் தெரிந்தது. இரவில் அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சியபோது, தேய்ந்த எழுத்தின் மேடுகள் நிழல் விழுந்து எழுந்து நின்றன. பிறகு மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து மெல்லத் தேய்த்தேன். நாணயத்தை நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்து நாம் எல்லோரும் சிறு வயதில் செய்த விளையாட்டே இது. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் மைப்படி எடுப்பதும் ஏறக்குறைய இதே உபாயந்தான்.

எழுத்தைப் பார்ப்பதற்குமுன் உருவத்தைப் பார்க்க வேண்டும். நம் கோயில் சிற்பங்களில் வேலும் மயிலும் கண்டால் முருகன் என்கிறோம். சங்கும் சக்கரமும் கண்டால் திருமால் என்கிறோம். முகத்தைப் பார்த்து யாரும் தெய்வத்தை அடையாளம் காண்பதில்லை. கத்தோலிக்க அர்ச்சியசிஷ்டர்களின் உருவங்களும் அப்படித்தான். இராயப்பருக்குத் திறவுகோல், கத்தரீனம்மாளுக்கு முள் பதித்த சக்கரம், லவுரேஞ்சியாருக்கு இரும்பு அடுப்புச் சட்டம், ஆக்னேஸம்மாளுக்கு ஆட்டுக்குட்டி, லூசியம்மாளுக்குத் தட்டில் இரண்டு கண்கள், ஆரோக்கியநாதருக்குப் பக்கத்தில் ஒரு நாய். இவற்றுள் பல, அவர்கள் மாண்ட விதத்தைக் காட்டும் கருவிகள். கொன்ற ஆயுதமே அடையாளச் சின்னமாக ஆகிவிடுகிறது. ஆகவே, வெட்டுண்ட தலை என்பது அச்சத்துக்கு உரிய பொருளன்று. தலை வெட்டப்பட்டு இறந்த ஒரு வேதசாட்சி என்பதே அதற்கு முதற்பொருள். இவ்வளவும் எழுத்தைப் படிக்கு முன்னரே தெரிந்துவிடும்.

ஆனால் தலையிழந்த வேதசாட்சிகள் ஒருவரா இருவரா? தலை என்றதும் எவருக்கும் முதலில் நினைவு வருபவர் ஸ்நாபக அருளப்பர். அவர் தலை எப்போதும் ஒரு தட்டில் கிடக்கும். விருந்தில் நடனமாடிய பெண்ணுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்பது சுவிசேஷ வரலாறு. இந்தப் பதக்கத்தில் தட்டு இல்லை. சின்னப்பரும் வாளால் வெட்டுண்டவரே; அவருக்கு வாளும் நூலும் உரியவை, ரோமாபுரிப் பதக்கங்களில் அவரைப் பெரும்பாலும் இராயப்பரோடு இணைத்தே அமைப்பர். பாரிஸ் நகரத்துத் தியோனீசியார் தம் தலையைத் தாமே கையில் ஏந்தி நிற்பவர். அங்கே உடலும் உண்டு. வெரோணிக்கம்மாளின் துகிலில் பதிந்த திருமுகமோ என்றால், அதற்குத் துகில் வேண்டும்; தலையைச் சுற்றிச் சிலுவை பொறித்த ஒளிவட்டமும் இருக்கக்கூடும். இங்கே அவை இரண்டும் இல்லை. இருந்தது தாடி வைத்த ஒரு முகம். அதன் பின்புறம் முக்காடு போன்ற ஒரு துணி மடிப்பு. மேனாட்டுத் துறவிகள் அணியும் முக்காடு அது. எனவே துறவி, வெட்டுண்டவர், தலைமட்டும் தனியே வணங்கப்படுபவர். வட்டம் மிகச் சுருங்கிவிட்டது.

இனி எழுத்து. இப்பதக்கங்களில் இடம் குறைவு. ஆகையால் இலத்தீன் சொற்களைச் சுருக்கியே பொறிப்பர். பெயருக்குமுன் ‘எஸ்’ என ஓரெழுத்து வந்தால் அர்ச்சியசிஷ்டர். பின்னால் ‘எம்’ வந்தால் வேதசாட்சி. ‘வி’ வந்தால் கன்னிகை. ‘ஈ’, ‘பி’ என இரண்டும் சேர்ந்து வந்தால் மேற்றிராணியார். இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: ‘யு’ என்னும் எழுத்தையும் ‘வி’யின் வடிவிலேயே வெட்டுவார்கள். இது தெரியாதவர்கள் ஆங்கிலப் பழக்கத்தில் படித்துத் திகைப்பர். முன்புறத்து விளிம்பில் பாதி அழிந்த நிலையில் ‘அனஸ்தா’ என்ற பகுதியும், அதையடுத்து ‘மோன்’, ‘மார்த்’ என்ற இரு துண்டுகளும் கிடைத்தன. முன்னது துறவி என்னும் சொல்லின் சுருக்கம், பின்னது வேதசாட்சி. உருவம் சொன்னதையே எழுத்தும் சொல்லிற்று. பின்புறத்தில் படமே இல்லை. வரிவரியாக எழுத்து மட்டும். அதில் அந்த இளைஞர் கண்ட ‘தேமோன்’ உண்மையாகவே இருந்தது! ஆனால் அது தனிச் சொல்லன்று. நீண்ட வாக்கியம் ஒன்றின் நடுவில் இருப்பது. இலத்தீன் அகராதியின் துணையோடும், அம்மொழி கற்ற ஒரு பெரியவரின் துணையோடும் நிரப்பிப் பார்த்தபோது அதன் பொருள் இதுவாயிற்று: இவருடைய உருவத்தைக் காணும் அளவில் பேய்கள் ஓட்டப்படுகின்றன, நோய்கள் குணமாகின்றன என்பதற்கு இரண்டாம் நீசேயா சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளே சாட்சி.

பேயை அழைக்கும் தகடு என்று அஞ்சினார்கள். பேயை ஓட்டும் பதக்கம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியத் தொழில் செய்த எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருள், தான் கூறுவதற்கு ஆதாரம் இன்ன சங்கத்தின் இன்ன ஏடு என்று மேற்கோளும் காட்டுகிறதே! பெரிய பெரிய புத்தகங்களிலேயே சில வேளை இது இருப்பதில்லை.

அவர் அர்ச்சியசிஷ்ட அனஸ்தாசியார், பாரசீகர். மேனாட்டுக் கிறிஸ்தவர்களின் பதக்கத்தில் ஒரு பாரசீகர் வந்து அமர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ரோம சாம்ராச்சியத்துக்கும் பாரசீகத்துக்கும் இடையே பெரும்போர் நடந்தது. 614இல் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோவின் படைகள் எருசலேமைப் பிடித்து, கிறிஸ்து அறையுண்டதாக மக்கள் போற்றிய திருச்சிலுவையை எடுத்துக்கொண்டு தலைநகராகிய தெசிபோனுக்குச் சென்றன. அந்தப் பாரசீகப் படையில் மகுந்தத் என்று ஒரு குதிரை வீரன் இருந்தான். ராய் என்னும் ஊரின் பக்கத்தவன். அது இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள பழைய நகரம். தந்தை பௌ என்பவர் பாரசீக சமயத்தின் குருமார் மரபினர். மகனுக்கும் அந்தக் கல்வியைக் கற்பித்தவர். வெற்றிச் சின்னமாக ஊருக்குள் வந்த சிலுவையைப் பற்றி மக்கள் பேசியதைக் கேட்ட மகுந்தத்துக்கு, அப்படி என்ன அதில் இருக்கிறது என்னும் கேள்வி எழுந்தது. வென்றவன் தோற்றவனுடைய பொருளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வி அவனை விடவில்லை. படையை விட்டு நீங்கி, சிரியாவில் ஹியராபோலிஸ் என்னும் ஊரில், பாரசீகக் கிறிஸ்தவர் ஒருவரிடம் வெள்ளித் தட்டார் தொழில் கற்றுக்கொண்டு தங்கினான்.

அங்கே நடந்ததாக அவர் வரலாறு கூறும் ஒரு சிறு செய்தியை நான் விட்டுவிட மாட்டேன். அந்தத் தட்டாரோடு ஆலயங்களுக்குச் சென்றபோது, சுவரில் தீட்டியிருந்த வேதசாட்சிகளின் படங்களைக் கண்டு, இவை யாவை, இவர்களுக்கு ஏன் இந்தத் துன்பம் என்று மகுந்தத் கேட்டானாம். தட்டார் ஒவ்வொரு படத்தையும் காட்டி விளக்கம் சொன்னாராம். படம் பார்த்துப் பாடம் கற்றவன் அவன். பின்னாளில் அவனுடைய படத்தையே உலோகத்தில் அடித்து மக்கள் அணிந்தார்கள். அடித்தவர்களும் உலோகத் தொழிலாளரே.

பிறகு எருசலேம் சென்று 620ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானம் பெற்றான். அப்போது கொண்ட பெயர்தான் அனஸ்தாசியுஸ். உயிர்த்தெழுதல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நகருக்கு அண்மையில் உள்ள மடத்தில் சேர்ந்து ஏழாண்டுகள் துறவியாக வாழ்ந்தார். சமையலறையிலும் தோட்டத்திலும் வேலை. அதனிடையே கிரேக்க எழுத்துக் கற்றல். படையில் இருந்தவர், வயது வந்தபின், அயல்மொழியின் அரிச்சுவடியைப் பிடித்தார். முதியோர் கல்வி வகுப்பு நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும்.

அதன்பின் மடத்தை விட்டுப் புறப்பட்டு, பாலஸ்தீனத்தில் பாரசீகர் ஆட்சியில் இருந்த செசரேயா நகருக்கு வந்தார். அங்கே தம் பழைய இனத்தார் சிலர் மந்திரச் சடங்கு செய்வதைக் கண்டு கடிந்துகொண்டார். நானும் ஒருகாலத்தில் இதைச் செய்தவனே என்றும் சொன்னார். இங்கே ஒன்று கூற வேண்டும். பாரசீக சமயத்தாரின் சடங்கு எல்லாவற்றையும் சூனியம் என்றே எழுதுவது அக்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்களின் வழக்கம். எதிர்த்தரப்பார் எழுதிய அந்தச் சொல்லை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எவ்வாறாயினும் அவர் உளவாளி என்று பிடிபட்டார். நான் உளவாளி அல்லேன், கிறிஸ்தவத் துறவி என்று அவர் சொன்னது வழக்கை இன்னும் கடுமையாக்கியது. காலிலும் கழுத்திலும் விலங்கு பூட்டிக் கோட்டைக்குக் கல் சுமக்க வைத்தனர்.

பாரசீக அதிகாரி அவரைக் கொல்லத் துடித்தவர் அல்லர் என்றே தோன்றுகிறது. அரசரின் விருப்பம் என்று சொல்லி ஒரு வழி காட்டினார்: ஒரே ஒரு சொல்லில், வாயளவில், கிறிஸ்துவை மறுத்துவிடு, பின்பு குதிரைப் படைக்குத் திரும்பினாலும் சரி, துறவியாகவே இருந்தாலும் சரி, உன் இஷ்டம். என் முன்னும் இன்னும் இருவர் முன்னும் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது. இவ்வளவு சலுகையான நிபந்தனையை வேறு எந்த வேதசாட்சியின் வரலாற்றிலும் நான் படித்ததில்லை. பயமுறுத்தலை மறுப்பது ஒரு வகை. இத்தகைய இதமான பேச்சை மறுப்பது வேறு வகை. அவர் மறுத்தார். ஆகவே பாரசீகத்துக்கு அனுப்பப்பட்டார். மடத்துத் தலைவர், சகோதரத் துறவி ஒருவரை அவரோடு துணைக்கு அனுப்பினார். அந்த மனிதர் கூடவே சென்று, இறுதிவரை இருந்து, திரும்பிவந்து சொன்னவற்றைக் கொண்டுதான் அனஸ்தாசியாரின் வரலாறு சில ஆண்டுகளுக்குள்ளேயே எழுதப்பட்டது. நூற்றாண்டுகள் கழித்துக் கட்டப்பட்ட கதையன்று; கண்டவர் வாய்மொழி. பாலஸ்தீனத்தில் பாரசீகர் ஆட்சி எப்படி நடந்தது என்பதை அறிய, இன்றைய சரித்திர ஆசிரியர்கள் அதை ஆவணமாகவே பயன்படுத்துகிறார்கள். 1992இல் பெர்நார் ஃப்லூசேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் கிரேக்க மூலங்களைத் திருத்தமாகப் பதிப்பித்து, இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

628 ஜனவரி 22. தஸ்தகிர்த் அரண்மனைக்கு அண்மையிலுள்ள பேத்சலோயே என்னும் ஊரில், ஆற்றங்கரையில், ஏறக்குறைய எழுபது கைதிகளை ஒவ்வொருவராகக் கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்றனர். அனஸ்தாசியாரைக் கடைசியில் நிறுத்தி, ஒவ்வொரு சாவையும் பார்க்கவைத்து, இன்னும் என்ன சொல்கிறாய் என்று கேட்டனர். அங்கம் அங்கமாக வெட்டப்படுவேன் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், இது எளிய சாவாயிற்றே என்ற கருத்துப்பட அவர் விடை கூறினாராம். நெரித்தபின் தலையையும் வெட்டினர். பத்து நாட்களுக்குள் ரோமச் சக்கரவர்த்தி ஹெராக்லியஸின் படை அப்பகுதிக்கு வந்துசேர்ந்தது. அந்தப் பிப்ரவரி மாதம் முடிவதற்குள் மன்னர் குஸ்ரோவும் தம் சொந்த மகனின் ஆட்களால் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் திருச்சிலுவை எருசலேம் திரும்பியது. இன்னும் சிறிது நாள் உயிரோடு வைத்திருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும். சரித்திரத்தில் ‘இருந்தால்’ என்னும் சொல்லுக்கு இடமில்லை என்று மாணவருக்குச் சொல்லித் தந்தவன் நான். ஆயினும் இந்தத் தேதிகளைப் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உடல் முதலில் பாலஸ்தீனத்துக்கு வந்தது. தலை ரோமாபுரிக்குச் சென்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே, ரோமாபுரிப் புண்ணிய தலங்களைக் குறிக்கும் வழிகாட்டி ஏடு ஒன்று, நகருக்குத் தெற்கே ஆகுவே சால்வியே என்னும் இடத்து மடத்தில் அனஸ்தாசியாரின் தலை இருப்பதாகக் கூறுகிறது. கிழக்கிலிருந்து வந்து குடியேறிய, சிலிசியா நாட்டுத் துறவிகளின் மடம் அது. அந்த இடத்துக்குத் திரே ஃபொந்தானே, அதாவது மூன்று ஊற்றுகள், என்றும் பெயர். சின்னப்பர் வெட்டுண்டது அங்கேதான் என்றும், தலை மூன்று முறை துள்ளி விழுந்த இடங்களில் ஊற்றுகள் எழுந்தன என்றும் ஐதிகம். ஒரே தலத்தில் வெட்டுண்ட இருவரின் நினைவு! 1140இல் பெர்நார்துவின் சபைத் துறவிகள் அங்கே வந்தனர். 1868இல் திராப்பிஸ்துத் துறவிகள் வந்தனர். சதுப்பு நிலத்து மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் என்று நம்பி யூகலிப்டஸ் மரங்களை ஏராளமாக நட்டவர்கள் இவர்களே. நம் நீலகிரியில் தைலம் எடுக்கும் அதே மரந்தான்.

அம்மடத்து ஆலயத்துக்கு வின்சென்சியார், அனஸ்தாசியார் என்னும் இருவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வின்சென்சியார் ஸ்பானிய நாட்டுத் தியாக்கோன். 304இல் வலென்சியாவில் மாண்டவர். இருவருக்கும் இடையே முந்நூறு ஆண்டும், பல ஆயிரம் மைலும் உண்டு. சேர்த்து வைத்தது ஜனவரி 22 என்ற தேதி ஒன்றுதான். ரோமாபுரியின் புகழ்பெற்ற திரேவி நீரூற்றுக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் மஸரேன் கர்தினாலின் செலவில் எழும்பிய முகப்பையுடைய ஆலயமும் இவ்விருவருக்கே உரியது. நீரூற்றில் காசு எறியும் கூட்டத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்களோ!

நீசேயா சங்கத்துக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில் கிழக்குச் சாம்ராச்சியத்தில், சமயப் படங்களை வணங்குவது விக்கிரக ஆராதனை என்று சொல்லி அவற்றை அழிக்கும் இயக்கம் எழுந்தது. 787இல் நீசேயாவில் கூடிய சங்கம் படங்களுக்கு மீண்டும் இடமளித்தது. அதன் நான்காம் அமர்வில், பழைய நூல்களிலிருந்து சான்றுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அனஸ்தாசியாரின் புதுமை. அவருடைய அருளிக்கம் செசரேயாவுக்கு வந்தபோது, ஊரே எதிர்கொள்ளத் திரண்டது. ஒரு பெருமாட்டி மட்டும், பாரசீகத்திலிருந்து வந்த எலும்பை நான் வணங்கமாட்டேன் என்றாளாம். அவ்வளவு கொடுமை செய்துவிட்டுப் போன நாட்டின் மேல் அவளுக்கு இருந்த கோபம் விளங்காமலில்லை. சில நாளில் இடுப்பு நோவு கண்டு படுத்தாள், துறவி ஒருவர் கனவுபோல் தோன்றிப் பேசினார், பிறகு அனஸ்தாசியாரின் படத்தைக் கண்டதும், வந்தவர் இவரே என்று கண்டுகொண்டாள், நலமடைந்தாள். முகத்தை முன்பின் அறியாத ஒருவரை, படத்தைக் கொண்டு அடையாளம் கண்ட வரலாறு இது! வாசித்து முடித்ததும், போப்பாண்டவரின் தூதர்கள் எழுந்து, அந்தப் படம் அவருடைய தலையோடு இன்றும் ரோமாபுரி மடத்தில் இருக்கிறது என்று சாட்சி கூறினர். இதைத்தான் பதக்கம் செய்தவர்கள் ஆதாரமாகப் பொறித்தனர். புதுமைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. சங்கத்தின் ஏட்டில் இது இருக்கிறது என்பது மட்டும் மறுக்க இயலாத சரித்திரம்.

இன்னொருவர் பெயரையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் வடகோடியில் ஜாரோ என்னும் மடத்தில் வாழ்ந்த பீடு என்னும் பேராசிரியர், 731இல் முடித்த தம் திருச்சபைச் சரித்திரத்தின் இறுதியில், தாம் எழுதிய நூல்களுக்கு ஒரு பட்டியல் தருகிறார். அதில் அனஸ்தாசியாரின் வரலாறும் உண்டு. கிரேக்கத்திலிருந்து மோசமாக மொழிபெயர்க்கப்பட்டு, அதைவிட மோசமாக யாரோ ஒரு கற்றறியாதவரால் திருத்தப்பட்டிருந்ததைத் தம்மால் இயன்ற அளவு பொருள் விளங்கச் செப்பம் செய்ததாக அவர் குறிப்பிடுகிறார். கட்டுரை நோட்டுகள் திருத்திக் களைத்த எவருக்கும் அந்தப் பெருமூச்சு கேட்கும். பாரசீகத்தில் மாண்டவரின் கதை, ஒரு நூற்றாண்டு ஆவதற்குள், வடகடல் ஓரத்தில் இலக்கணப் பிழை திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது!

இவ்வளவு பரவிய பெயர் பின்பு எப்படி மங்கிற்று? பல காரணம் இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு: 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொதுத் திருநாட் குறிப்பைத் திருத்தியபோது, ஜனவரி 22க்கு வின்சென்சியாரை மட்டும் வைத்துக்கொண்டது. அனஸ்தாசியாரின் பெயர் வேதசாட்சிகளின் பெரும்பட்டியலில் அதே தேதியில் இன்றும் இருக்கிறது; நாள்காட்டியில் இல்லை. நாள்காட்டியில் இல்லாதவரைப் பிள்ளைக்குப் பெயராக யார் வைப்பார்கள்?

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம், பென்சில் படியைக் காட்டி, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ‘தேமோன்’ என்னும் சொல்லின்மேல் விரலை வைத்து, அதற்கு அடுத்த சொல்லையும் காட்டினேன். வாக்கியம் முழுவதையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். ஊராரிடம் காட்ட வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். பிறகு, வெளியூரில் பிடிபட்டு இறந்தவர் என்று நான் சொன்ன பகுதியை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அவரு தாயாரு அப்ப இருந்தாகளா ஐயா?” என்றார். நான் படித்த வரலாற்றில் தந்தையின் பெயர் உண்டு. தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, பதக்கத்தைத் துணியில் முடியாமல், ஜெபமாலையின் நுனியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய பழம்பதக்கம் ஒன்று கிடக்கக்கூடும். கிடந்தால் தயவுசெய்து புளி போடாதீர்கள். எலுமிச்சம் பழமும் வேண்டாம். உலர்ந்த மென்துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். இரவில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரியும் எழுத்துக்களைத் தெரிந்தவாறே எழுதிக்கொள்ளுங்கள். அழிந்த இடத்தில் ஊகித்து நிரப்பாமல், எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறதோ அத்தனை புள்ளி வையுங்கள். முன்புறம், பின்புறம் இரண்டையும் படி எடுங்கள். உருவத்தின் கையில் என்ன, காலடியில் என்ன, தலையில் என்ன என்று தனித்தனியே குறியுங்கள். அதன்பிறகு இலத்தீன் அறிந்த பங்குக் குருவானவர் எவரிடமேனும் கொண்டுபோய்க் கொடுங்கள்.